மூன்று நாட்களில் யாரைச் சந்தித்தீர்கள்?

வருடத்தில் ஒன்பது நாள் நோயாளியாக இருப்பது என் தொழில்.

கச்சான் காற்று அனலாக வீசும் யூலை மாதத்தில், கல்முனையில் ஒரு மண்டபத்தில், டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுகளுக்கும் தொற்றுநோயியல் பயிற்சி நடக்கும். ஒரு நோய் எங்கே தொடங்கியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கேட்டுக் கண்டுபிடிக்கும் படிப்பு அது. கேட்டுப் பழக ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கையில் ஒரு அட்டை தருவார்கள். அதில் என் நோய் எழுதியிருக்கும். கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காததைச் சொல்லக் கூடாது. எட்டாம் வகுப்போடு நின்று, அரிசி ஆலையில் முப்பத்தொரு வருடம் மூடை எண்ணிய, கூச்சக்காரனான எனக்கு இது பொருத்தமான வேலைதான்.

மற்ற நோயாளிகள் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்கள். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பயிற்சிக்கு வந்தவர்களோடு நோயாளி சேர்ந்து சாப்பிடக் கூடாது, விடை கசிந்துவிடும் என்பது விதி. ஆகவே என் சோற்றுப் பார்சலை நான் களஞ்சிய அறையில் பிரிப்பேன். மனைவி மௌத்தாகி அடக்கமாகி, மகளும் கட்டாருக்குப் போன பிறகு வீட்டிலும் அப்படித்தான் என்பதால் பழக்கம் உண்டு. விடை கையில் இருந்தும் ஒருவரும் கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இந்த வருடம் முதல் நாளே பொறுப்பு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் முதல் நோயாளிகள் எல்லாம் டெப் என்ற கைக்கணினியில் வந்துவிடுவார்கள் என்றார். மனிதர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்களாம். அது ஒரே மாதிரிச் சொல்லுமாம். நானும் ஒரே மாதிரித்தான் சொல்லி வந்தேன். அதை அவர் கேட்கவில்லை. மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பதினொரு வருடம், ஒன்பது நாள் வீதம். ஊர் மூடியிருந்த வருடத்தை நான் சேர்க்கவில்லை. இந்த முறையோடு தொண்ணூற்றொன்பது. நூறுக்கு ஒன்று குறைவது மூடை எண்ணியவனுக்கு உறுத்தும். அதைவிட, என்னை உட்காரவைத்து உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்கும் நாட்கள் வருடத்தில் அவ்வளவுதான்.

எட்டு மாதம்

முதல் வருடம் அட்டைகள் மாறிவிட்டன. எனக்கு வந்ததில் வயது இருபத்தாறு, எட்டு மாதக் கர்ப்பம், மூன்று நாள் காய்ச்சல் என்று இருந்தது. மாற்றிக் கேட்கக் கூச்சம். அட்டையில் உள்ளதைச் சொல்வதுதானே விதி என்று இருந்துவிட்டேன்.

முன்னால் வந்து உட்கார்ந்த இளம் டாக்டர் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. வயதைக் கேட்டார், சொன்னேன். காய்ச்சலைக் கேட்டார், சொன்னேன். எத்தனையாவது பிள்ளை என்று கேட்டார். அட்டையைப் பார்த்து, இரண்டாவது என்றேன். நுளம்பு வலைக்குள் படுக்கும்படியும் பாரம் தூக்க வேண்டாமென்றும் சொல்லிவிட்டு, தாளைப் பார்த்தபடியே எழும்பினார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வைத் தாதி மேசையில் மெல்லத் தட்டினார். "சேர், அந்தப் புள்ளத்தாச்சிட தாடிய ஒருக்காப் பாத்துட்டுப் போங்க."

நூற்றுக்கு நூற்று முப்பத்தேழரை

கலியாண வீட்டுச் சாப்பாடு நஞ்சான கதை ஒரு பாடம். நாற்பது தட்டுச் சாப்பாடு, ஐம்பத்தைந்து பேருக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் என்று தாளில் இருந்தது. யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த ஒரு குழு கணக்குப் பார்த்தது. நூற்றுக்கு நூற்று முப்பத்தேழரைப் பேருக்கு நோய் என்று விடை வந்தது. மிச்சப் பதினைந்து பேரும் சாப்பிடாமலே நோயாளியானார்கள் என்றார் ஒருவர். அவர்கள் வேறொரு கலியாணத்திலும் சாப்பிட்டிருப்பார்கள் என்றார் இன்னொருவர். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இப்படிப் போனது.

எங்கள் பக்கக் கலியாண வீட்டில் ஆளுக்கொரு தட்டுக் கிடையாது. சஹன் என்ற பெரிய தாம்பாளத்தில் சோறு வரும். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். பாடத்தை எழுதியவர் எண்ணியது சஹனை. தட்டச்சு செய்தவர் அதைத் தட்டாக்கிவிட்டார். நாற்பது சஹன் என்றால் இருநூற்று நாற்பது பேர். எனக்கு அது முதல் நிமிடமே தெரியும். கலியாண வீட்டுக்கு இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். குடும்பம் குடும்பமாக எல்லோரும் உட்கார்ந்த பிறகு, ஐந்து பேர் இருக்கும் ஏதாவது சஹனிலிருந்து ஒரு கை என்னைக் கூப்பிடும். ஆறாவது ஆள் நான்.

கடைசியில் விரிவுரையாளர் என் பக்கம் திரும்பி, அண்ணனைக் காக்கா என்னும் எங்கள் ஊர் வழக்கில், காக்காவுக்கு ஏதாவது விளங்குகிறதா என்றார். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டதால் சொன்னேன். இவ்வளவு நேரமும் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். என் அட்டையில் அது இல்லை என்றேன். அடுத்த குழுவிலிருந்து எட்டிப் பார்த்த அக்கரைப்பற்றுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சிரிக்காமலே சொன்னார்: "காக்கா நல்ல நோயாளி சேர். மௌத்தானாலும் கேட்டாத்தான் சொல்லுவாரு."

நோயாளி 7

எல்லோரும் முகக்கவசம் போட்டுத் திரிந்த காலம் முடிந்து, பயம் முடியாத வருடம். சட்டையில் குத்தியிருந்த "நோயாளி 7" என்ற அட்டையைக் கழற்ற மறந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி முன்னால் போனார். பின் சீட்டில் இருந்த இரண்டு பேரும் போனார்கள். நற்பிட்டிமுனையில் இறங்கி, வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மறுநாள் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். அன்றும் பக்கத்துச் சீட் வெறுமையாகவே வந்தது. அதற்கு அட்டையைக் காரணம் சொல்ல முடியவில்லை. டிக்கட் தர வந்த கொண்டக்டர் இரண்டு சீட்டையும் பார்த்தார். "நேத்து வந்த வருத்தம் சுகமா காக்கா, இல்லாட்டி சீட்டப் புடிக்கத்தான் அந்த நோயா?"

தொடர்பாளர் 1

இந்த வருடக் கடைசி நாள் வியாழக்கிழமை. தொடர்பாளரைத் தேடும் பாடம். நோயாளிக்கு ஒரு மீற்றருக்குள், பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தவர் தொடர்பாளர் என்று பலகையில் எழுதினார்கள். அட்டைகள் போதவில்லை, நோயாளிகள் தங்கள் சொந்த விபரத்தையே சொல்லட்டும் என்றார் பொறுப்பு டாக்டர். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என் பெயரிலேயே நோயாளியாக இருந்தேன்.

கேட்க வந்தவர் புஷ்பராணி மிஸ். ஆலையடிவேம்பைச் சேர்ந்த மருத்துவமாது. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்தவர். மூன்று நாட்களில் யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று கேட்டார். பிழையில்லாமல் சொல்ல வேண்டுமென்று யோசித்தேன். பள்ளியில் தோளோடு தோள் சேர்ந்து நின்றவர்கள் உண்டு. ஆனால் ஒரு தொழுகை ஒன்பது, பத்து நிமிடத்தில் முடிகிறது. சலாம் கொடுத்ததும் ஆளுக்கொரு பக்கம் எழும்பிவிடுகிறோம். அடுத்த தொழுகைக்குப் பக்கத்தில் வேறு ஆள். நேரம் கூடிய வெள்ளிக்கிழமை ஜும்ஆ அந்த மூன்று நாளுக்குள் வரவில்லை. கடையில் நின்றது நான்கு நிமிடம். மகள் கதைத்தது இருபத்திரண்டு நிமிடம், ஆனால் கட்டாரிலிருந்து. இங்கே கேள்வி கேட்டவர்களைச் சேர்க்கலாமென்றால், மேசையின் அகலம் ஐந்து சாண். ஒரு மீற்றரைத் தாண்டிவிடுகிறது. ஒருவரும் இல்லை மிஸ் என்றேன்.

எழுதக் குனிந்தவர் எழுதவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காலையில் என்ன சாப்பிட்டேன், யார் சமைத்தது, நித்திரை வருகிறதா, மனைவி என்ன வருத்தம் வந்து மௌத்தானார் என்று கேட்டார். இவை படிவத்தில் இல்லை. அட்டையும் இல்லாததால் கேட்டதற்கெல்லாம் என் விடையையே சொன்னேன். அடுத்த மேசைக்குப் போக மணி அடித்தது. அவர் எழும்பவில்லை. சுவர் மணிக்கூட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவரும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பதினாறாவது நிமிடம் பேனையை எடுத்து, தொடர்பாளர் 1 என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். விரிவுரையாளர் வந்து, இது என்ன கூத்து என்று கேட்டார். "விதிப்படிதான் சேர். பக்கத்துல பதினாறு நிமிசம் இருந்திருக்கன், வேற ஆள் இல்லையெண்டா என்னத்தானே எழுதணும்."

இரண்டாம் பக்கம்

சனிக்கிழமை காலை படலையில் யாரோ தட்டும் சத்தம். புஷ்பராணி மிஸ் குடையோடு நின்றார். வீட்டில் பெண் பிள்ளை இல்லாததால் உள்ளே கூப்பிட எனக்குத் தயக்கம். அதை அறிந்தவர் போலப் படலையடியிலேயே நின்றார். படிவத்தின் இரண்டாம் பக்கத்தை இரண்டு நாள் கழித்து நிரப்ப வேண்டுமாம். பயிற்சி முடிந்துவிட்டதே, இனி இது யாருக்கு என்று கேட்டேன். யாருக்கும் இல்லைத்தான், ஆனால் பாதியில் நிற்கும் படிவத்தை வீட்டில் வைத்திருக்கத் தன்னால் முடியாது என்றார். அந்தக் குணம் எனக்கு விளங்கியது.

காய்ச்சல் இல்லை, சத்தி இல்லை, வயிற்றோட்டம் இல்லை என்று வெயிலில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்க மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்றாவது தடவை சத்தம் வந்தது. கோப்பையைப் படலைத் தூணில் வைத்துக் குடித்தார். சீனி கூடிவிட்டது என்றார், மிச்சம் வைக்கவில்லை. போகும்போது தாளை மடித்துப் பையில் வைத்தார். "உங்களுக்கு ஒண்டும் இல்ல காக்கா, சுகம் எண்டு எழுதியிருக்கன். ஒவ்வொரு மாசமும் முதல் சனி இந்த ரோட்டாலதான் வருவன், சீனியக் குறைச்சு வையுங்க."

தொண்ணூற்றொன்பது நாள் நோயாளியாக இருந்து, நூறாவது நாள் சுகம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, தொழிலிலிருந்து விலகியிருக்கிறேன்.