ஏழாம் சேனலில் ஒரு சலாம்

கஜகஸ்தானின் அல்மாட்டியில் கல்யாணப் படம் என்றால் எர்மெக்தான் என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே ராய்ஹானுக்கு வயிறு எரியும். ஆறு வருஷம் அவனுக்கு இரண்டாவது கேமராவாக உழைத்தவள். படம் எடுக்கும்போது பளிச்சென்று அடிக்கும் வயர்லெஸ் விளக்குகளுக்குச் சேனல் எண் வைத்துக் கேமராக்களோடு இணைப்பது, எடுத்த படம் எடுத்த நொடியே மண்டபத்தின் பெரிய திரையில் வரச் செய்வது, எல்லாம் அவள் பாடு. எர்மெக் துரைக்குச் சேனல் மாற்றக்கூடத் தெரியாது. நல்ல படம் அவளுடையதாக இருக்கும். திரையின் மூலையில் அவன் பேர் இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துப் போனாள். போன குளிர்காலத்தில், சாவதற்குப் பத்து நாள் முன்பு, அவள் அம்மா பவுர்சாக் பணியாரம் பொரிக்க மாவு பிசைந்தபடி மூக்கெல்லாம் மாவோடு சிரித்தார். ராய்ஹான் எடுத்தாள். கேமராவின் இணைப்பை அணைக்க மறந்திருந்ததால் படம் தானாகவே ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. எர்மெக் அதைத் தன் பேரில் போட்டிக்கு அனுப்பி முதல் பரிசு வாங்கினான். மேடையில், "சந்தையில பார்த்த யாரோ ஒரு கிழவி" என்றான். யாரோவாம்! கிழவியாம்!

போய்க் கேட்டாள்.

"கேமரா என்னுது. நீ பட்டனைத்தான அமுக்கின? போய் வேலையைப் பாரும்மா."

வேலையைத்தான் பார்த்தாள். சொந்தமாகக் கேமரா வாங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஊரின் பெரிய குடும்பத்துக் கல்யாணம் வந்தது. அன்று காலையிலேயே விளக்குகள் ஆறையும் மூன்றாம் சேனலிலிருந்து ஏழுக்கு மாற்றி, தன் கேமராவையும் ஏழில் வைத்தாள். எர்மெக்கின் கேமரா மூன்றிலேயே கிடந்தது; இனி அவன் அமுக்கினால் ஒரு விளக்கும் அடிக்காது. தன் கேமராவிலிருந்து திரைக்குப் போகும் இணைப்பையும் அணைத்தாள். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

மணப்பெண்ணின் முக்காடு விலக்கும் பெத்தாஷார் சடங்கு தொடங்கியது. திரை தெரிவதற்காக மண்டப விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். பாட்டுக்காரர் தோம்ப்ராவை மீட்டி, மாப்பிள்ளை வீட்டு உறவுகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் பாட, முக்காட்டுக்குள்ளிருந்து பெண் தலைகுனிந்து சலாம் வைத்தாள். எர்மெக் படம் எடுத்தான். திரையில் கறுப்பு. மறுபடி எடுத்தான். மறுபடி கறுப்பு.

"என் பேரு வந்ததும் கரண்டு போயிடுச்சா?" என்று கத்தினார் மாப்பிள்ளையின் பெரியப்பா. மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினாள். "படம் தெரியாம முக்காட்டைத் திறக்க விடமாட்டேன்!"

எர்மெக் வியர்த்து வழிய ஓடி வந்தான். "ராய்ஹான், சீக்கிரம் சரி பண்ணு! மானம் போகுது!"

"நான் பட்டன் அமுக்கறவதானே அண்ணே? எனக்கென்ன தெரியும்?"

அவனுக்கு விளங்கிவிட்டது. "என்னடி வேணும் உனக்கு?"

"பரிசு வாங்கின படத்தை யார் எடுத்தாங்கன்னு மைக்குல சொல்லு."

முறைத்தான். கெஞ்சினான். மாமியார்க்காரி, "எவ்வளவு நேரம்!" என்று சீறியதும் மைக்கைப் பிடுங்கினான். "சந்தைக் கிழவி படம்... நான் எடுக்கலை. ராய்ஹான்தான் எடுத்தா." திரும்பி வந்து, "போதுமா?" என்றான்.

"சந்தைக் கிழவி இல்லை. எங்கம்மா. அவங்க பேரைச் சொல்லு."

எர்மெக் விழித்தான். ஆறு வருஷம் அந்த அம்மா கொடுத்தனுப்பிய பவுர்சாக்கை மூக்குப்பிடிக்கத் தின்றவன். பேர் கேட்டதே இல்லை, பாவி.

"தெரியலைன்னா கேளு."

"உங்கம்மா பேரு... என்ன?"

"பாகிலா."

மைக்கில் சொன்னான். பாட்டுக்காரர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். தோம்ப்ராவை ஒரு தட்டு தட்டினார்.

"பேரைச் சொல்லியாச்சுல்ல? சலாம் எங்கே தம்பி?" என்றார் பெரியப்பா.

நானூறு பேர் பார்க்க எர்மெக் தலைகுனிந்தான். ராய்ஹான் இணைப்பைப் போட்டு அமுக்கினாள். ஏழாம் சேனலில் ஆறு விளக்கும் ஒன்றாக அடித்தன. அவன் குனிந்த தலை சுவர் அளவுக்குத் திரையில் வந்தது. மூலையில், தன் கேமராவில் அவள் முன்பே போட்டு வைத்திருந்த எடுத்தவர் பேர்: ராய்ஹான், பாகிலாவின் மகள்.