மூச்சு விடாத கார்

கிளட்ச் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பதினான்கு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச், கிளட்ச், காலை எடுக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவருக்குப் புதிதாக ஒரு கார் கொடுத்தார்கள். புதிது என்றால் அவருக்குத்தான் புதிது. வேறு யாரோ ஓட்டித் தள்ளிய வண்டி. அது வந்ததிலிருந்து ஒரு தொல்லை. காலை வகுப்பில் நான்கு பேர் ஏறுவார்கள். ஒருவர் ஓட்ட, மூன்று பேர் பின்னால் காத்திருப்பார்கள். கால் மணி நேரம் போனால் போதும், கொட்டாவி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டு போகும். அக்காவுக்கோ மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டு விண் விண் என்று தெறிக்கும். மூக்குக்கண்ணாடியை மாற்றினார், காப்பியை விட்டார், மறுபடி பிடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த நால்வரில் ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் கொட்டாவி விட, வண்டி சிக்னலில் பொசுக்கென்று நின்றுபோனது. பின்னால் ஒரே ஹாரன். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"தூங்குறதுன்னா வீட்லயே தூங்கிட்டு வாங்கம்மா. இது விளையாட்டு இல்ல."

"நேத்து எனக்கு லீவு அக்கா. நல்லாத் தூங்கிட்டுத்தான் வந்தேன்" என்றார் நர்ஸ். முகம் சுண்டிப்போயிருந்தது. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அவர் சொன்ன அந்த வார்த்தை அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. நன்றாகத் தூங்கியவருக்கு ஏன் கொட்டாவி? தனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று உறைத்தது. கோளாறு ஆட்களிடம் இல்லை, வண்டியில்.

அவருடைய கணவர் காளான் வளர்க்கும் கொட்டகையில் மேற்பார்வையாளர்.

"ஏங்க, உங்க கொட்டகையில காத்து கெட்டுப்போனா எப்படித் தெரியும்?"

"மீட்டர் இருக்குல்ல. கரியமில வாயு ஏறிச்சுன்னா காளான் காம்பு மட்டும் நீளும், குடை விரியாது. ஆயிரத்தத் தாண்டுனா ஃபேனப் போட்டுடுவோம்."

"நாளைக்கு ஒரு நாள் அத எனக்குக் குடுங்க."

"கார்ல காளான் வளக்கப் போறியா?"

"வளந்துடுச்சான்னு பாக்கப் போறேன்."

மறுநாள் உள்ளங்கை அளவு மீட்டர் டாஷ்போர்டில் ஏறி உட்கார்ந்தது. வெளியே காட்டியது நானூற்று முப்பது. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, மீதி மூன்று பேரோடு கிளம்பினார்கள். பாலம் ஏறும்போது ஆயிரத்து ஐந்நூறு. பேருந்து நிலையம் தாண்டும்போது இரண்டாயிரத்து அறுநூறு. பின்சீட்டில் முதல் கொட்டாவி. மூவாயிரத்து நானூறு வந்ததும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வண்டிய ஓரங்கட்டுங்க."

ஓட்டிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் பதறிப்போனார். "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா அக்கா?"

"இல்ல. நீங்க மூச்சு விட்டீங்க, அவ்வளவுதான்."

கதவுகளைத் திறந்ததும் எண் மடமடவென்று இறங்கியது. ஆனால் லாரிப் புகைக்கு நடுவில் தினமும் கதவைத் திறந்துகொண்டா ஓட்ட முடியும்? வெளிக்காற்றை உள்ளே விடும் நெம்புகோலைப் பார்த்தார். அது சரியான பக்கத்தில்தான் இருந்தது. பிறகு எப்படி?

வகுப்பு முடிந்ததும் ஸ்கூல் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தார். முன்கண்ணாடிக்கு அடியில் காற்று நுழைகிற சல்லடையில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டின் நுனியைச் செருகி, உள்ளே ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். காற்று உள்ளே போனால் பேப்பர் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது சும்மா தொங்கியது.

சாமான் வைக்கும் முன்பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஃபில்டரை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டியது அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. மடிப்புக்கு மடிப்பு சருகு, ஒரு இறகு வேறு. தும்மித் தீர்த்துவிட்டு, ஃபில்டர் இல்லாமலே ஃபேனை ஓடவிட்டு மறுபடி பேப்பரைப் பார்த்தார். அப்போதும் தொங்கியது.

இன்னொரு வியாதி உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை அடித்தார். ஒரு கையால் நெம்புகோலைத் தள்ளினார். கம்பி நகர்ந்தது; காற்றுவழியை மூடியிருந்த சின்னத் தகடு நகரவில்லை. கம்பியின் நுனி கொக்கியிலிருந்து கழன்று அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே நெம்புகோல் என்ன சொன்னாலும் கீழே தகடு மூடியேதான் கிடந்திருக்கிறது. ஏறியவர்கள் எல்லாரும் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறார்கள்.

விரலால் தகட்டைத் தள்ளினார். புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. எட்டிப் பார்த்தால், சல்லடையில் செருகியிருந்த பேப்பர் பச்சென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளில்லாத கொட்டகையில் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கம்பியைக் கொக்கியில் மாட்டி, நழுவாமல் ஒரு கிளிப் போட்டார். புது ஃபில்டரும் வாங்கிச் செருகினார்.

மறுநாள் முழு வகுப்பும் ஓடி முடிந்தபோது மீட்டர் எண்ணூறைத் தொடவில்லை. மருந்துக்கடைக்காரர் முதல் தடவையாக வண்டி நின்றுபோகாமல் மேட்டில் ஏற்றினார். அக்காவின் தலைவலி போன இடம் தெரியவில்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸின் முன்னால் நின்றார்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. கார்தான் மூச்சு விடல. நான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

நர்ஸுக்கு மன்னிப்பைவிட எண்தான் முக்கியமாகப் பட்டது. "எவ்வளவு காட்டுச்சு?"

"மூவாயிரத்து நானூறு."

"அடேயப்பா. என் வார்டுல இப்படி இருந்தா ஜன்னல ஒடச்சிருப்பேன். திங்கக்கெழம வரேன் அக்கா, எனக்கு முதல் சுத்து குடுங்க."

விஷயம் ஸ்கூல் முழுக்கப் பரவிவிட்டது. மற்ற மூன்று வாத்தியார்களும் தங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் காரில் நெம்புகோலே தப்பான பக்கத்தில் இருந்தது. மூன்று வருஷமாகத் தொட்டதே இல்லை என்று அதன் வாத்தியார் தலையைச் சொறிந்தார். இரண்டாவதில் எலி குடும்பமே நடத்தியிருந்தது. மூன்றாவதன் கதவுக்கு வெளியே அக்காவின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து குரல் வந்தது:

"டார்ச்ச இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் காட்டுங்க சார். இதுல என்னமோ புதுசா இருக்கு."