மாமாவின் ரத்தமும் முனியப்பன் கோயில் பூட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்னென்ன கொண்டு போனேன் தெரியுமா? தேங்காய், பழம், கற்பூரம்... அப்புறம் இரும்பு அறுக்கிற ஒரு ஆக்ஸா பிளேடு.

பிளேடு சாமிக்கு இல்லை. எங்கள் மாமாவின் ரத்தத்துக்கு!

பயந்துவிடாதீர்கள். முதலில் இருந்தே சொல்கிறேன்.

மாமா என்றால் அக்கா புருஷன். ஜெயங்கொண்டத்தில் முந்திரிப்பருப்புக் கடை. தங்கமான மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. "அதை எடுக்காதீங்க, போன வருஷத்துப் பருப்பு" என்று வாங்க வந்தவரிடமே சொல்லி அனுப்பிவிடுவார்.

கொஞ்ச நாளாகவே அவருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. டெஸ்ட் எடுத்தார்கள். ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையில் கோளாறு — புற்றுநோய் வகைதான். 'டெட் 2' என்ற ஜீனில் பழுது. திங்கட்கிழமை திருச்சியில் முதல் ஊசி.

வீடே அழுதது. மாமா மட்டும், "டெட்டா? பேரே சரியில்லையே மாப்ள" என்றார்.

எதையாவது படித்தால், நாலு பேருக்கு அதை விளக்காமல் எனக்குத் தூக்கம் வராது. உட்கார வைத்து விளக்கினேன்.

"எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே டி.என்.ஏ.தான் மாமா. எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு மேல சின்னச் சின்னப் பூட்டா மாட்டியிருக்கு. மெத்தில்னு பேரு. இந்த டெட் என்சைம்தான் பூட்டைக் கழட்டுற ஆளு. அவன் படுத்துட்டான்னா, செல்லு கன்னாபின்னான்னு பெருகாம அடக்கி வைக்கிற நல்ல ஜீனும் பூட்டியே கெடக்கும். அதான் வம்பு. சில புற்றுநோயில தலைகீழா, பூட்டியிருக்க வேண்டியது தொறந்துக்கும்..."

"அப்ப என் வாய் அந்த ரகம்" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ... நான்தான்டா தம்பி பூட்டுனேன்!"

விஷயம் இதுதான். சிறுவாச்சூர் போகிற வழியில் ஒரு முனியப்பன் கோயில். யார் வாய் அடங்க வேண்டுமோ, அவர் பெயரைச் சொல்லிச் சங்கிலியில் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவார்கள். மாமா பெயரில் அக்கா எப்போதோ ஒன்று மாட்டியிருக்கிறாள். அது வாயில் விழாமல் ஜீனில் விழுந்துவிட்டதாம்!

"முனியப்பனுக்கும் ஜீனுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"நீதானடா பூட்டுன்னு சொன்ன?"

விளக்கம் சொல்லப் போய் நானே மாட்டிக்கொண்டேன்.

மாமா அதையே பிடித்துக்கொண்டார். "அந்தப் பூட்டைத் தொறக்காம நான் ஊசி போட்டுக்க மாட்டேன்." ஊசி என்றால் அவருக்கு உள்ளுக்குள் உதறல். வாழ்க்கையில் அவர் யாரிடமும் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

ஆக... பிளேடு.

கோயிலில் பார்த்தால் சங்கிலி முழுக்கப் பூட்டு. எல்லாம் ஒரே துரு நிறம். பூசாரி பிளேடைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றார். "தப்பான பூட்டை அறுத்துட்டீங்கன்னா, ஊருக்குள்ள யாரு வாயி தொறக்கும்னு எனக்கென்ன தெரியும்? நீங்க பஸ் ஏறிருவீங்க. நானில்ல இங்க கெடக்கணும்?"

விளக்குப் போட வந்த பெண் ஒருத்தி பதறிப்போனாள். "அண்ணே, அந்த ஓரத்துல கை வைக்காதீங்க. அது எங்க மாமியாரு!"

அக்கா எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டே, "அவரு வாயி பேசட்டும் முனியப்பா... ஊரையே பேசட்டும். ஆளு இருந்தாப் போதும்" என்று அழுதாள்.

ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாமா, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் துருவேறிய பூட்டு ஒன்று, இழுத்த இழுப்பில் அக்கா கையோடு வந்துவிட்டது. யாருடையது? யாருக்குத் தெரியும்! விளக்குப் போட்ட பெண் முகம் வெளுத்துவிட்டது.

மாமா எழுந்தார். "இதான். என் பூட்டேதான். எனக்குத் தெரியாதா? கெளம்பு, நாளைக்கு ஊசிக்கு வெள்ளன எந்திரிக்கணும்."

மறுநாள் டாக்டரிடம் என் பூட்டு விளக்கத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பாதி சரி சார். ஆனா இந்த ஊசி பூட்டைக் கழட்டாது. செல் ரெண்டாப் பிரியுறப்ப, பழசுல இருக்குற பூட்டைப் பார்த்து இன்னொரு என்சைம் புதுசுலயும் ஒண்ணு மாட்டிடும். அந்த மாட்டுற கையைத்தான் இது புடிச்சு வைக்கும். புதுசு விழலைன்னா, போகப் போகப் பூட்டு குறையும்."

மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "கேட்டியா? புதுசா மாட்டக் கூடாதாம்! டாக்டரே சொல்லிட்டாரு!" என்று அக்காவிடம் ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பேச்சோடு பேச்சாக நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டுப் போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, அரியலூர் தாண்டியும் மாமா ஓயவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மடியில் இருந்த முந்திரிப் பொட்டலத்தைப் பார்த்து, "இதை எவன் உங்க தலையில கட்டுனான்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா மெல்லத் தன் பைக்குள் கையை விட்டாள். எட்டிப் பார்த்தேன். பளபளவென்று ஒரு புதுப் பூட்டு.

"என்னக்கா இது?"

"வூட்டுக்குத்தான்டா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நம்பினேன். சாவியை மட்டும் வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்!