பாப்பம் தில்லையம்பலம்

நாற்காலியை விரித்து வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்று பார்க்கிறார் தில்லையம்பலம். கொஞ்சம் வலப்பக்கம் போய்விட்டது போலிருக்கிறது. வந்து இடப்பக்கம் நகர்த்துகிறார். இப்போது அந்தப் பக்கத்துக் குழுவுக்குக் கிட்டவாகிவிட்டது. மறுபடியும் தூக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லண்டன் கிளாப்பம் கொமன் புல்வெளிக்கு நாயோடு உலாவ வருகிறவர்கள், யாரோ கவுன்சில்காரர் நிலம் அளக்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். அவர் தேடுவது நடுவை. இரண்டு கல்லூரிக் குழுக்களுக்கும் சரி நடுவில், பந்தடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் நடுவருக்கும் பின்னால், கோட்டும் டையும் கம்பளிக் குல்லாவுமாக உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். ஜூன் மாதத்திலும் அந்தக் குல்லாவுக்கு விடுமுறை கிடையாது.

ஆட்டத்தின் பெயர் சொஃப்ட்போல். பந்தைக் கையைத் தாழ்த்தி, குழந்தைக்கு எறிவது போல எறிவார்கள். அதை உருண்டைத் தடியால் அடித்துவிட்டு, பேஸ் என்று சொல்லப்படும் கன்வஸ் மெத்தைகளை நோக்கி ஓடுவார்கள். ஓடுகிறவரின் கால் முதலில் வந்தால் பிழைத்தார், பந்து முதலில் வந்தால் அவுட். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுவார்கள். தில்லையம்பலத்தின் மனைவி கலாவதிக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லை. “உங்கட மகளின்ரை தடியடி” என்பதோடு முடித்துக்கொள்வார். மகள் வத்சலா கல்லூரிக் குழுவில் சேர்ந்தபோது, “பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடாமல் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ” என்று கணவரை அனுப்பி வைத்தவரும் கலாவதிதான். ஒருக்காப் போனவர் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் அப்பாவும் மகளும் ஒன்றாக உட்காருவதில்லை. அவர்கள் குடியிருக்கும் மிச்சம் என்ற லண்டன் புறநகரில் ஏறியதும் வத்சலா தடியோடு மேல்தட்டுக்குப் போய்விடுவாள். தில்லையம்பலம் நாற்காலி, தேநீர்ப் பிளாஸ்க், கடலை வடைப் பொட்டலம் சகிதம் கீழே. இப்படி உட்காருவதென்று ஒரு பேச்சு அவர்களுக்குள் நடந்ததே இல்லை. முதல் நாள் அப்படி ஆனது, பிறகு அப்படியே ஆகிவிட்டது. வடை இரண்டு குழுக்களுக்கும் சமமாகப் போகும். கைதட்டலும் அப்படியே. மகளின் குழு ஒரு ஓட்டம் எடுத்தால் தட்டுவார், எதிர்க்குழு எடுத்தாலும் அதே அளவு தட்டுவார். வத்சலாவின் சிநேகிதிகள் முதலில் இதைக் கண்டு திகைத்தார்கள். அவருக்கு ஆட்டம் விளங்கவில்லை என்று பிறகு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

ஆட்டம் அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. விளங்காதது பக்கம் சாய்வதுதான். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருபது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் மேசைக்கு வந்த கோப்புகளெல்லாம் ‘மேலதிகாரியின் கவனத்துக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்ற ஒரு வரியோடு மாடிப்படி ஏறிப் போயின. லண்டனில் குரொய்டன் பக்கம் ஒரு கார்ப் பார்க்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஷிப்ட். எந்தக் காரை விடுவது, எதை மறிப்பது என்பதை அங்கே ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. தடுப்புக் கம்பு தானாக உயரும், தானாக இறங்கும். தில்லையம்பலம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதென்று அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

“இரவுக்குப் புட்டோ, இடியப்பமோ?” என்று கேட்டால், “பாப்பம்” என்பார். பார்ப்போம் என்பதை யாழ்ப்பாணத்தார் சொல்லும் விதம் அது. வேறு யாராவது சொன்னால் இரண்டு நாளில் பதில் வருமென்று நம்பலாம். இவர் சொன்னால் அந்தக் கதை அதோடு சரி. அதனால் கலாவதி மாவைக் குழைத்த பிறகுதான் கேள்வியே கேட்பார். ஊர்ச் சங்கம் ஆண்டு விழா மண்டபம் எங்கே எடுப்பதென்ற சண்டையில் இரண்டாக உடைந்தபோது இரு பக்கத்தாரும் தனித்தனியாக மிச்சத்துக்கு வந்து அவரிடம் நியாயம் கேட்டார்கள். “நீங்கள் சொல்லுறதிலயும் ஒரு ஞாயம் இருக்குத்தானே” என்று இரு பக்கத்தாருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினார். இப்போது இரண்டு சங்கத்துக்கும் அவர்தான் போசகர், அதாவது புரவலர். இரண்டு விழா மலரிலும் அதே படம் வருகிறது.

அவர் வாழ்க்கையில் ஒரு முடிவும் எடுக்காதவர் என்று சொன்னால் பாவம். எண்பத்து நாலில் குடும்பத்தோடு லண்டனுக்குப் புறப்படுவதென்று முடிவெடுத்தவர் அவரேதான். அது சரியா பிழையா என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை. அது தெரிந்த பிறகு அடுத்ததை எடுக்கலாமென்று இருக்கிறார்.

இப்படிப்பட்டவர் மூன்று வருடமாக மழையிலும் குளிரிலும் வந்து உட்காருவது மகளுக்காக என்று நினைத்தால் பாதிதான் சரி. அவர் விசிறியாக இருந்தது நடுவர் டெரெக்குக்கு. டெரெக் கிழமை நாட்களில் தபால் பிரிப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் முகக் கம்பிவலை போட்டுக்கொண்டு இங்கே நிற்பவர். புழுதி கிளம்பி, இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, டெரெக் மடக்கிய முஷ்டியை உயர்த்துவார். அவுட். அல்லது உள்ளங்கை நிலத்தைப் பார்க்க இரண்டு கைகளையும் அகல விரிப்பார். பிழைத்தார், இனி அடுத்த பேஸுக்குப் போகலாம். அவ்வளவுதான். மேன்முறையீடு இல்லை, மேலதிகாரி இல்லை. தில்லையம்பலம் வீட்டுக்குப் போய் ஆட்டத்தில் வென்றது யாரென்று சொல்ல மாட்டார். “ஒண்டும் யோசிக்கேல்லைக் கலா. பட்டெண்டு கையைத் தூக்கினான். அந்தாளுக்கு இரவு நித்திரை வருமோ தெரியாது” என்பார். கலாவதி சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜூனில், கல்லூரி ஆண்டின் கடைசி ஆட்டத்துக்குப் போன ஞாயிறன்று, வீட்டில் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. அபர்டீனில் மீன்களுக்கு வரும் நோய்களை ஆராயும் ஆய்வுகூடத்தில் வத்சலாவுக்கு ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஸ்கொட்லாந்தின் மேல் மூலை. “மீனுக்கு வருத்தம் வந்தா இவள் ஏன் அவ்வளவு தூரம் போக வேணும்? எனக்குத் தெரியாது, அப்பாட்டைக் கேள்” என்று கலாவதி கையைக் கழுவிவிட்டார். அப்பா மாசி மாதத்தில் “பாப்பம்” என்றார். சித்திரையிலும் அதையே சொன்னார். திங்கட்கிழமை காலை வத்சலா பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது அவள் கேட்டாள்.

“அப்பா, ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி. ஒண்டைச் சொல்லுங்கோ. பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.”

பஸ் வந்தது நல்லதாய்ப் போயிற்று.

கிளாப்பத்தில் நாற்காலிக்கு நடு கிடைத்த சமயம் டெரெக் அவரிடம் வந்தார். பேஸ்களைப் பார்க்கும் இரண்டாவது நடுவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம், வரவில்லை. முதல் பேஸில் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். எதிர்க்குழுத் தலைவன், சிவந்த முகமும் பெரிய உடம்புமான ஒரு பையன், தில்லையம்பலத்தையே காட்டினான். அந்தப் பெண்ணின் தகப்பனாக இருந்தாலென்ன, எங்களுக்கும் கைதட்டுகிற ஒரே ஆள் இவர்தானே என்றான். அவன் அவர் வடையில் கணிசமாகச் சாப்பிட்டவன்.

வத்சலா தோல் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். “அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், வேறு யாரையாவது கேளுங்கள்” என்று டெரெக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பாவின் அடக்கத்தைச் சொல்கிறாளென்று டெரெக் நினைத்தார். தில்லையம்பலம் ஆங்கிலத்தில் பாப்பம் என்றார். அதை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

டெரெக் அவரைப் பேஸருகே கொண்டுபோய் நிறுத்திப் பாடம் சொன்னார். பந்தைப் பார்க்கக் கூடாது. கண் மெத்தையில், ஓடிவரும் காலில் இருக்க வேண்டும். பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் பிடிக்க வேண்டும். எது முந்தியதோ அதைச் சொல். கையைக் காட்டினால் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை இறக்காதே. தில்லையம்பலம் தலையாட்டினார். டெரெக் தன்னோடு இவ்வளவு பேசியது இதுவே முதல் தடவை என்ற சந்தோஷத்தில், எதற்குத் தலையாட்டுகிறோம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

முதலில் ஒன்றும் கஷ்டமில்லை. அவுட்டானவர்கள் தாங்களாகவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். பிழைத்தவர்கள் தாங்களாகவே நின்றார்கள். கார்ப் பார்க் போலத்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை சிவந்த முகக்காரனின் காலும் பந்தும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. எல்லோரும் தில்லையம்பலத்தைப் பார்த்தார்கள். அவர் டெரெக்கைப் பார்த்தார். டெரெக் அவரைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று அவர் தேடிக்கொண்டிருக்க, பேஸில் பந்தைப் பிடித்த பெண் சலித்துப்போய் “சரி, நில்” என்றுவிட்டாள். ஆட்டம் தொடர்ந்தது. வத்சலா தூரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்று. வத்சலாவின் குழு ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட், இன்னுமொருவர் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது பேஸில் ஒரு பெண் ஓடத் தயாராக நிற்கிறாள். அடிக்க வந்தவள் வத்சலா. அவள் முதல் பேஸைப் பிடித்துவிட்டால் அந்தப் பெண் ‘வீடு’ எனப்படும் தொடக்க இடத்துக்கு வந்துவிடுவாள், ஓட்டக் கணக்குச் சமனாகிவிடும். தில்லையம்பலம் தேநீருக்குத் திரும்பிப் பார்த்தார். பிளாஸ்க் நாற்காலிக்குக் கீழே, வெகு தூரத்தில் இருந்தது.

அடித்தாள். பந்து புல்லில் உருண்டு ஓடியது. ஒருவன் குனிந்து அள்ளி முதல் பேஸுக்கு எறிந்தான். வத்சலா தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் பிந்தினால் இப்படித்தான் ஓடுவாள். தில்லையம்பலம் சொன்னபடியே கண்ணை மெத்தையில் வைத்திருந்தார். காதில் தோலில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் மகளின் சப்பாத்து மெத்தையில் விழுந்தது. அவருக்கு வடிவாக, சந்தேகமே இல்லாமல், தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

யாரும் கத்தவில்லை. அவ்வளவு நெருக்கம். டெரெக் முகவலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வத்சலா பேஸைத் தாண்டிப் போய் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். காலையில் பஸ் தரிப்பிடத்தில் பார்த்த அதே பார்வைதான்.

தில்லையம்பலம் முஷ்டியை உயர்த்தினார்.

“அவுட்.”

குரல் அவர் எண்ணியதைவிடப் பலமாக வந்துவிட்டது. தூரத்துப் பாதையில் போன ஒருவர் நாயோடு நின்று திரும்பிப் பார்த்தார். சிவந்த முகக்காரனின் ஆட்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். மகளின் சிநேகிதிகள் அவரை, வடை தந்த கையா இது என்பது போலப் பார்த்தார்கள். அவர் கை இன்னும் மேலேயே இருந்தது. வத்சலா கிட்ட வந்தாள்.

“உண்மையா அவுட்டோ அப்பா?”

“ஓம். பந்து முதல் வந்திட்டுது.”

“வடிவாத் தெரியுமோ?”

“வடிவாத் தெரியும்.”

இந்த இரண்டு சொல்லையும் அப்பாவின் வாயால் அவள் கேட்டதே இல்லை. தோற்ற கவலை இருந்தது. அதைவிடப் பெரிதாக, அப்பாவுக்கு முடிவு சொல்ல வருமோ என்ற சந்தேகம் அவளுக்குப் பிறந்திருந்தது. பிறகு போய் அவருடைய நாற்காலியை அவளே மடித்தாள்.

வீடு திரும்பப் பஸ் ஏறியபோது வத்சலா மேல்தட்டுக்குப் போகவில்லை. கீழேயே அவரருகில், தடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திவைத்து உட்கார்ந்தாள். கடைச் சாமான்களோடு நிறையச் சனம் நின்றுகொண்டு வந்தது.

“நாளைக்குத் திங்கள்” என்றாள்.

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஃபிக்ஸ் மார்ஷ் புல்வெளியில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அங்கை குளிர் கூட” என்றார்.

“ஓம்.”

“தனிய இருக்க வேணும்.”

“ஓம் அப்பா.”

அவருக்குப் பயமாக இருந்தது. எண்பத்து நாலில் விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே பயம். வாய் திறந்தது. “பா” என்று தொடங்கிவிட்டு உதட்டை மூடிக்கொண்டார். பிளாஸ்க்கை எடுத்து மகளின் மடியில் வைத்தார். கோட்டுக் கையைச் சற்று மேலே இழுத்துவிட்டார். பிறகு உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, இரண்டு கைகளையும் அகல விரித்தார். ஒரு கை யன்னல் கண்ணாடியில் முட்டியது. மற்றது மகளின் முகத்துக்கு முன்னால் நீண்டு, நடைபாதையில் நின்ற பெண்மணியின் உருளைக்கிழங்குப் பையைத் தள்ளியது. அந்தப் பெண்மணி ஏதோ சொன்னார். தில்லையம்பலம் அசையவில்லை. வத்சலா பார்த்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.