வாய்ப்பூட்டின் அடுக்குப் புட்டிங்

என் சித்தி மகளை எங்கள் உறவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாய்ப்பூட்டு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் பாதியில் நின்றுவிடும். அவளைத் தையற்கடைக் குடும்பம் ஒன்றில் இரண்டாவது மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு மைக்செட் என்று பெயர் வைத்தது நாங்கள். அவள் பேசினால் மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கும் கேட்கும், கீழே கடையில் அளவு கொடுக்க நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

"ரெண்டு பேருக்கும் சமமாப் பிரிக்க வேண்டிய வாயை ஆண்டவன் ஒருத்திகிட்டயே கொட்டிட்டான் போல" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

வாய்ப்பூட்டின் அப்பா, அதாவது என் சித்தப்பா, சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் செய்கிற அடுக்குப் புட்டிங்கைச் சாப்பிட நாங்கள் எட்டுப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்போம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணம், அடியில் இரண்டு நாள் ஆன கேக், அது ஊறப் பழச்சாறு, மேலே பழத்துண்டுகள், அதன்மேல் ஆறின கஸ்டர்ட், உச்சியில் அடித்த க்ரீம். கப்பலில் அவருக்குக் கிடைத்தது டப்பாவில் அடைத்த அன்னாசி. கரைக்கு வந்து முதல் தடவை நல்ல பச்சை அன்னாசியை வாங்கி நறுக்கிப் போட்டார். சாயங்காலம் கிண்ணத்தை எடுத்தால் கஸ்டர்ட் தண்ணீராக ஓடியிருந்தது. வாயில் வைத்தால் மாத்திரையைக் கடித்த மாதிரி கசப்பு. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டப்பாவில் அடைக்கிறவன் பழத்தை வேகவைத்துத்தான் அடைக்கிறான் என்று பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பக்கத்தில் பத்து வயசு வாய்ப்பூட்டு நின்றிருந்தாள். அவளிடம் சொன்னார்: "பச்சை அன்னாசி பாலைத் தின்னுடும்மா. வேகவச்சாத்தான் அடங்கும்."

சித்தப்பா போனபிறகு அந்தக் கண்ணாடிக் கிண்ணம் இவளுக்கு வந்தது. அடியில் கால் வைத்த கிண்ணம், ஓரமெல்லாம் பூவெட்டு, வெளிச்சத்தில் வைத்தால் சுவரில் புள்ளி புள்ளியாக நிறம் விழும். அதைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போனாள். போன ஒரு மாதத்தில் அது மைக்செட்டின் கண்ணாடி அலமாரிக்குள் ஏறிவிட்டது. "உன் ரூம்ல வச்சா உடைஞ்சுடும்டி" என்றாளாம். வாய்ப்பூட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விருந்தாளி வந்தால் கிண்ணம் அலமாரியை விட்டு இறங்கும். வாய்ப்பூட்டு புட்டிங் செய்வாள், மைக்செட் ஏந்திக்கொண்டு போவாள். சோறு வடித்த கையோடு அன்னாசியில் சர்க்கரை போட்டு வேகவைத்து, மூடி வைத்துவிடுவது இவள் வழக்கம். மூத்தவள் அடுப்படிக்குள் கால் வைப்பது பத்து மணிக்கு மேல்தான். அவள் கண்ணில் படுவது அடுக்குகிற வேலை மட்டும்.

அந்த வீட்டுக்குத் தையல் வேலை வருவதெல்லாம் பெரிய துணிக்கடை ஒன்றிலிருந்து. அந்தக் கடை முதலாளியின் மனைவியைத் துணிக்கடை அம்மா என்போம். ஒரு நாள் நான் அங்கே போயிருந்தபோது அந்த அம்மா வீட்டுக்கு வந்தார்கள். புட்டிங்கை ஒரு கரண்டி வாயில் வைத்து, "யாரு கை இது?" என்று கேட்டார்கள்.

"என் கைதாங்க. வேற யாரு இருக்கா இங்க? இவ கூடமாட பழம் நறுக்கிக் குடுப்பா, அவ்வளவுதான்" என்றாள் மைக்செட்.

வாய்ப்பூட்டின் மகளுக்கு அப்போது எட்டு வயசு. கதவோரம் நின்றிருந்த அது சும்மா இருக்கவில்லை. "பெரியம்மா பண்ணல. எங்கம்மாதான் பண்ணினாங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டது.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். மைக்செட் மட்டும் சிரித்தாள். "பாத்தீங்களா, இந்த வயசுலயே என்ன புளுகு புளுகுது! ஏண்டி, நீயே சொல்லு. யார் பண்ணினது?"

கேள்வி வாய்ப்பூட்டின் பக்கம் திரும்பியது. அவள் புருஷன் தரையைப் பார்த்தான். அவன் அண்ணன் இவளையே பார்த்தான். துணிக்கடை அம்மா மனசு கோணினால் வீட்டில் மிஷின் ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாய்ப்பூட்டு வாயைத் திறந்தாள். "அக்காதான்" என்றாள்.

பிள்ளை அம்மாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். துணிக்கடை அம்மா அதன் கன்னத்தைக் கிள்ளி, "பொய் சொல்லக்கூடாது கண்ணு" என்றார்கள்.

அன்றையோடு அந்தக் குழந்தைக்குப் புளுகுமூட்டை என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தது மைக்செட். வீட்டில் கத்தரிக்கோல் காணோமா, புளுகுமூட்டையைக் கேளு. பரீட்சையில் முதல் மார்க்கா, புளுகுமூட்டைதானே சொல்லுது, பேப்பரைக் காட்டச் சொல்லு. ஒரு தடவை காது வலிக்கிறது என்று மூன்று நாள் அழுதது. பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் பசப்புகிறாள் என்று மைக்செட் வீடு முழுக்க முழங்கினாள். நாலாம் நாள் சீழ் வந்தபிறகுதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்கு இடது காது மந்தம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பூட்டு பேசினாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"அவ வாயாலயே சொல்ல வைப்பேன்க்கா. அந்த அம்மா முன்னாடியே, அத்தனை பேர் முன்னாடியே. என் பொண்ணு பொய் சொல்லலன்னு அவளே சொல்லணும்."

"எப்படிடி?"

"தெரியல. அவளுக்கு வாய் இருக்கில்ல, அது போதும்."

அதன்பிறகு பத்து வருஷம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்படியில் அவள் க்ரீம் அடிக்கிற சத்தத்தை மட்டும் நான் போகும்போதெல்லாம் கேட்பேன். பனிக்கட்டித் தண்ணீரில் சட்டியை வைத்து, முள்கரண்டியால் டக் டக் டக் என்று. க்ரீமைத்தான் அடிக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

மைக்செட்டின் மகளைத் துணிக்கடை அம்மாவின் சின்ன மகனுக்குப் பேசி முடித்தார்கள். மைக்செட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது அந்த அம்மாவிடமிருந்து ஒரு சேதி வந்தது: வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் நாற்பது பேர் பெண் வீட்டாரைப் பார்க்க டீக்கு வருகிறார்கள். சம்பந்தியம்மா கையால் அந்த அடுக்குப் புட்டிங் வேண்டும். காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து என் கண்முன்னால் செய்யட்டும், நானும் கற்றுக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் அங்கேதான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். மைக்செட் அடுப்படிக்குள் வந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தணித்துக்கொண்டு.

"ஏண்டி, நீ அந்தப் புட்டிங் எப்படிப் பண்ணுவ?"

"அக்கா பாத்திருக்கீங்களே."

"பாத்திருக்கேன். ஆனாலும் ஒரு தடவை சொல்லு. நீயும் கூட வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா உன் கை வேகத்தைப் பாத்தா அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். நீ சாயங்காலம் எல்லாரோடயும் வந்தாப் போதும்."

வாய்ப்பூட்டு வரிசையாகச் சொன்னாள். கேக் எத்தனை நாள் ஆனது இருக்க வேண்டும், சாறு எவ்வளவு ஊற்ற வேண்டும், கஸ்டர்ட் கரண்டி முதுகில் எப்படி ஒட்ட வேண்டும், அது முழுக்க ஆறுகிறவரை ஏன் பொறுக்க வேண்டும், க்ரீமை எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும். ஒரு பொய் கிடையாது.

"அன்னாசி நறுக்கிப் போடறதுதானே?" என்று மைக்செட் கேட்டாள்.

வாய்ப்பூட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நறுக்கிப் போடறதுதான்."

எனக்கு உரித்த பட்டாணி கையிலேயே நின்றுவிட்டது. சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தது என் கண்முன்னால் வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குழந்தையின் காதிலிருந்து வந்த சீழையும் நான் பார்த்தவள்தானே. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பட்டாணியை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைக்செட் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காரில் போனாள். சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் எல்லோரும் போனோம். துணிக்கடை அம்மா வீட்டுக் கூடம் நிறைய ஆள். மைக்செட் நடுவில் நின்று, தான் எத்தனை வருஷமாக இதைச் செய்கிறாள், எந்தெந்தப் பெரிய மனிதர்கள் சாப்பிட்டுவிட்டு என்னென்ன சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். துணிக்கடை அம்மாவும் பெருமையாக, "நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். என்ன நறுவிசு!" என்றார்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து கிண்ணம் வந்தது. மேலே க்ரீம் வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. கரண்டியை விட்டதும் கீழே இருந்த கஸ்டர்ட் மஞ்சள் தண்ணீராகத் திரிந்து கொப்பளித்து வந்தது. முதல் தட்டு மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் போனது. ஊரில் பெரிய சாப்பாட்டுராமன் என்று பெயரெடுத்தவர். ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கைக்குட்டையைத் தேடினார்.

"சம்பந்தியம்மா, இது புட்டிங்கா கஷாயமா?" என்றார்.

நாலு பேர் சிரித்தார்கள். துணிக்கடை அம்மா தானே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்கள். முகம் சுருங்கியது. "என்ன இது? இவ்வளவு வருஷமாப் பண்றேன்னு சொன்னீங்களே?"

மைக்செட்டின் முகத்தில் ஈயாடவில்லை. வேறு யாராக இருந்தாலும் பால் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். ஆனால் பால் அந்த அம்மா வீட்டுப் பால், ஃப்ரிட்ஜும் அவர்கள் ஃப்ரிட்ஜ். அவளுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். நாற்பது பேர் தாண்டி அவள் கண் வாய்ப்பூட்டைத் தேடிப் பிடித்தது.

"இவதாங்க! இவதான் வேணும்னே எனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கா! எப்பவும் இவதானே பண்ணுவா, இவளுக்குத்தானே பதம் தெரியும்! அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்பவும் இவதானே பண்ணினா! அப்பல்லாம் கசந்துச்சா? இன்னைக்கு மட்டும் எப்படிக் கசக்கும்? கேளுங்க அவள!"

சொல்லி முடித்தபிறகுதான் அவள் காதுக்கே அது கேட்டது. வாயைக் கையால் பொத்தினாள். மைக்செட் வாயைப் பொத்தி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாய்ப்பூட்டு எழுந்து நின்றாள். மகள் பக்கத்தில் இருந்தாள், பத்தொன்பது வயசுப் பெண். அவள் தோளில் கை வைத்து, துணிக்கடை அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"அம்மா, என் பொண்ணு அன்னைக்குப் பொய் சொல்லல. கன்னத்தக் கிள்ளினீங்களே, ஞாபகம் இருக்கா?"

அந்த அம்மா பெண்ணைப் பார்த்தார்கள், மைக்செட்டைப் பார்த்தார்கள். "இருக்கு" என்றார்கள். "தப்பு என்னுதும்தான், கண்ணு."

வாய்ப்பூட்டு அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கசந்ததைக் கொட்டினாள், மூன்று தடவை கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். மைக்செட் முன்னாலேயே அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 

கல்யாணம் நிற்கவில்லை. பெண்ணின் மேல் என்ன குற்றம் என்று துணிக்கடை அம்மா சொல்லிவிட்டார்கள். கல்யாணத்தன்று புட்டிங் செய்ய வாய்ப்பூட்டைத்தான் கேட்டார்கள். முதல் கிண்ணம் வெளியே வந்தபோது, அத்தனை பேர் முன்னால், "இது யாரு கைன்னு எல்லாரும் கேட்டுக்கங்க" என்று அவர்களே சொன்னார்கள். மைக்செட் பந்தியின் மறுகோடியில் நின்றாள். கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் "என்ன, மாடியில சத்தமே காணோம், மைக்செட் ரிப்பேரா?" என்று கேட்கும் அளவுக்கு அவள் குரல் தணிந்துபோயிருந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. இல்லை என்று சொன்னால்தான் பொய்.

மகள் மட்டும் ஒரு நாள் அம்மாவிடம், "இதுக்காக இத்தனை வருஷம் காத்திருந்தியாம்மா? நான் அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேனே" என்றாள்.

"நீ மறக்கலாம்டி. நீ பொய் சொன்னேன்னு ஆக்கினது என் வாய்."

 பெண் அம்மா கையிலிருந்த முள்கரண்டியை வாங்கிக்கொண்டு தானே க்ரீம் அடிக்க உட்கார்ந்தாள்.

போன வருஷம் மைக்செட்டுக்குப் பேரன் பிறந்தான். சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போக நல்லதாக ஏதாவது செய்ய நினைத்தாள் போலிருக்கிறது. நானும் வாய்ப்பூட்டும் அன்னாசி சீவிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றாள். தலை நரைத்துவிட்டது, குரலும் தேய்ந்துவிட்டது.

"இத்தனை வருஷம் ஆயிடுச்சு. இப்பவாவது சொல்லேன்டி. அன்னைக்கு நான் எதுல தப்பு பண்ணினேன்?"

அடுப்பில் சர்க்கரைப் பாகில் அன்னாசி வெந்துகொண்டிருந்தது. வாய்ப்பூட்டு எட்டித் தட்டை எடுத்துச் சட்டியை மூடினாள்.

"அதுல என்னக்கா இருக்கு" என்றாள். "நறுக்கிப் போடறதுதான்."