திரையில் தெரியாத பாஸ்வேர்டு

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு டுடோரியல் காலேஜில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் ஊர் அச்சன்புதூரில் யாரைக் கண்டாலும் அப்பா இந்த வேலையைப் பற்றித்தான் பேசுவார்.

மாதப் பரீட்சைக்கான இங்கிலீஷ் கேள்வித்தாளை எடிட்டரில் அடித்து, ஃபைலைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைப்பது என் பொறுப்பு. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, ஒரு புள்ளிகூட. பூட்டும்போது ஒரே தடவைதான் கேட்கும்; சரிபார்க்க மறுபடி கேட்காது. தப்பாகக் கொடுத்துத் திறந்தால் திரை முழுக்கப் பூச்சி ஊர்ந்தது போலக் கிறுக்கல் வரும்.

அதே அறையில் மாணவர் பட்டியல் அடிக்கிற ஒரு பெண் இருந்தாள், மேலகரத்திலிருந்து வருகிறவள். அவள் தம்பி எங்கள் காலேஜில்தான் படித்தான். நான் பாஸ்வேர்டு அடிக்கும்போதெல்லாம் அவள் கண் என் விரல்மேல் இருப்பது போலத் தோன்றும். திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன பரீட்சையில் அவள் தம்பி முதல் மார்க். அந்தப் பட்டியலை ஒட்டிய அன்றே, அடுத்த தாளின் பாஸ்வேர்டை மாற்றினேன். இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் அடித்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஃபைலைத் திறந்தேன். கிறுக்கல். மறுபடி அடித்தேன். கிறுக்கல்.

"இந்த மிஷின்ல வேற யாரோ கை வச்சிருக்காங்க சார்," என்றேன் பிரின்சிபாலிடம், அவளைப் பார்க்காமல்.

"பூட்டுனவன் நீதானல? தொறக்கதுக்கு மட்டும் வேற ஆளா?" என்றார் அவர். "சாயங்காலத்துக்குள்ள தாள் வரலேன்னா நாளைலேந்து நீ வரவேண்டாம்."

அப்பா ஊரில் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அப்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"மாத்தும்போது முதல்ல ரெண்டு அடிச்சியளே, அண்ணே."

இங்கிலீஷ் டைப்ரைட்டரில் பிள்ளையார் சுழி கிடையாது. டைப் படித்த நாளிலிருந்து, புதிதாக எதைத் தொடங்கினாலும் '2' அடித்துவிட்டுத்தான் தொடங்குவேன். பார்க்க 'உ' மாதிரியே இருக்கும். புது பாஸ்வேர்டுக்கும் விரல் தானாக அங்கே போயிருக்கிறது. திறக்கும்போது போகவில்லை. மாற்றிய அன்று கீபோர்டை மறைத்த இடது கை, எண்கள் இருக்கிற மேல்வரிசைவரை எட்டவில்லை.

2 சேர்த்து அடித்தேன். கேள்வித்தாள் ஒழுங்காக வந்து நின்றது.

"அப்ப நீ பாத்திருக்க," என்றேன்.

"அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுது."

"ஒருத்தன் பூட்டுதான், ஒருத்தி தொறக்குதா. நல்ல ஆபீஸ்டே இது," என்று சொல்லிவிட்டுப் பிரின்சிபால் போனார்.

வேலை தப்பியது. பாஸ்வேர்டை மறுபடி மாற்ற உட்கார்ந்தேன். நான் கேட்காமலே அவள் எழுந்து, எனக்கு முதுகு காட்டி ஜன்னல் பக்கம் நின்றாள்.

"அடிங்க அண்ணே. நான் பாக்கலை."

மூடியிருந்த ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அப்படியானால் என் கையும் அவளுக்குத் தெரியும்.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். சாரல் அவள் முகத்தில் அடித்தது. அவள் நகரவில்லை. நான் திரும்பி வந்து, 2 இல்லாமல் அடித்தேன்.