முதலாளிக்குக் கேட்காத சத்தம்

பேண்டேஜ் துணியை வெளுக்கிற மருந்து வாசனை... ஒருதடவை மூக்குக்குள்ள ஏறிட்டா, சோறு திங்கும்போதும் அதே வாசனைதான்.

ராஜபாளையத்துல நான் முதன்முதலா வேலைக்குப் போன கம்பெனி அது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல காலையில பஸ் ஏறிப் போய், ஆபீஸ்ல பில் டைப் பண்ணுவேன்.

அங்க ஒரு வழக்கம். வேலை செய்ற பொம்பளைங்ககிட்ட முதலாளி நேரா பேசமாட்டாரு. கேட்டா, மரியாதையாம். நாம எதிர்ல நின்னாலும் சூப்பர்வைசர் பாண்டி அண்ணாச்சியப் பாத்துதான் பேச்சு.

"அந்தப் பொண்ணு பில்ல முடிச்சிருச்சா?"

அந்தப் பொண்ணு ரெண்டடி தூரத்துல, கையில பில்லோட நிக்கும்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்புவாரு. "முடிச்சிட்டியாத்தா?"

"முடிச்சிட்டேன் அண்ணாச்சி."

மறுபடி அந்தப் பக்கம். "முடிச்சிருச்சாம் மொதலாளி."

அண்ணாச்சிக்குத் தீராத கழுத்துவலி. அதுக்கு நாங்கதான் காரணம்னு நெனைக்கிறேன்.

கோயம்புத்தூர்ல இருந்து ஏஜென்ட் மேடம் வந்தா மட்டும் முதலாளி எந்திரிச்சு நின்னு, "வாங்க மேடம், காபி சாப்பிடுறீங்களா"ன்னு நேராவே கேப்பாரு. சம்பளத்துக்கு நிக்கிறவளுக்கு மட்டும்தான் போல அந்த மரியாதை...

அப்பதான் கிருஷ்ணன்கோவில் காலேஜுக்கு ஒரு சென்னை கம்பெனி ஆள் எடுக்க வருதுன்னு தெரிஞ்சுது. வியாழக்கிழமை இன்டர்வியூ. அதை விட்டா அந்த வாசனையிலயே கெடக்க வேண்டியதுதான். மம்சாபுரத்துல பெரியம்மாவோட புது வீட்டுப் பால்காய்ப்புன்னு பொய் சொல்லி லீவு கேக்குறதா முடிவு. அண்ணாச்சிகிட்ட மட்டும் உண்மை, பொய் ரெண்டையும் சொல்லியிருந்தேன்.

முதலாளி முன்னால போய் நின்னேன்.

"அந்தப் பொண்ணு எதுக்கு நிக்குது?"

"வியாழக்கிழமை லீவு வேணுமாம் மொதலாளி."

"எதுக்காம்? போன வாரந்தான காய்ச்சல்னு படுத்துக்கிச்சு."

அந்தப் 'படுத்துக்கிச்சு'ல எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. அண்ணாச்சி திரும்பி, "எதுக்குத்தா?"ன்னாரு.

"இன்டர்வியூ அண்ணாச்சி. வேற வேலைக்கு. ரெண்டு வருசமா இங்க நிக்கேன், இவிய ஒருநாளாவது என் பேரச் சொல்லியிருக்காவளா?"



அண்ணாச்சி மெதுவா அந்தப் பக்கம் திரும்பினாரு.

"பெரியம்மா வீட்டுப் பால்காய்ப்பாம் மொதலாளி."

முதலாளிக்குக் காது ரெண்டும் செவந்துபோச்சு. ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டாரு. ஆனா கேட்டேன்னு ஒத்துக்கிட்டா என்கிட்ட நேரா பேசணுமே... தானே போட்ட வேலிக்குள்ள மாட்டிக்கிட்டு முழிச்சாரு.

"எந்த ஊருலயாம்?"

"மம்சாபுரமாம்."

முதலாளி பேனா மூடியத் திருகிக்கிட்டே சொன்னாரு.

"சரி, போயிட்டு வரச் சொல்லும். பால்காய்ப்பு முடிஞ்சு அங்கயே தங்குறதா இருந்தா, முன்னாடியே சொல்லச் சொல்லும். வேற ஆளு பாக்கணும்ல."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பும்போது வாயை இறுக்கி வெச்சிருந்தாரு, சிரிப்பு வெளிய வந்துரக்கூடாதுன்னு. "போயிட்டு வரச் சொன்னாவத்தா. அங்கயே தங்குறதா இருந்தா..."

"கேட்டுச்சு அண்ணாச்சி."

அந்த வேலை கெடைச்சுது. இப்ப சென்னை. இங்க எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். கம்பெனி ஓனரைக்கூட.

போன வாரம் ஒரு வீடியோ கால். மேனேஜர் ஹெச்.ஆர்.கிட்ட கேக்குறாரு, "இந்த ரிசோர்ஸை இந்த மாசத்தோட ரிலீஸ் பண்ணிடலாமா?"

ரிசோர்ஸ்னா நான்தான், ரிலீஸ்னா வேலையவிட்டு அனுப்புறது. ஸ்க்ரீன்ல என் மூஞ்சி நல்லாத் தெரியுது.

அன்மியூட் பண்ணி, "நான் லைன்லதான் இருக்கேன்"னு சொன்னேன்.

"யா யா, தேங்க்ஸ் ஃபார் ஜாயினிங்"னுட்டு அடுத்த ரிசோர்ஸுக்குப் போயிட்டாரு.

அந்த முதலாளி மேல இன்னும் எனக்குக் கோபம் இருக்கு. ஆனாலும் அவரு கேக்காத மாதிரி நடிச்சாரு...

இவங்களுக்கு நெஜமாவே கேக்கல.